சிவப்பு முக்கோணம் போட்ட அட்டை

இங்கிலாந்தில், லீட்ஸில் நாங்கள் சாமான் வாங்குகிற சூப்பர்மார்க்கெட்டில், வாங்கிய சாமான்களை ஓடுகிற கறுப்புப் பட்டையில் நாமே எடுத்து வைக்க வேண்டும். பட்டை நகர்ந்து பில் போடுகிற பெண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். போன மாதம் எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் நின்றாள். ரொட்டி, பால், ஒரு முட்டைக்கோசு, அதை ஒட்டி ஒரு காண்டம் பெட்டி. தாளில் சுற்றவில்லை, கையால் மறைக்கவும் இல்லை. பில் போடுகிறவள் முட்டைக்கோசை எடுத்த மாதிரியே அதையும் எடுத்து மெஷினில் காட்டினாள். பீப் என்றது. அந்தப் பக்கம் தள்ளினாள். அவர்கள் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்தான் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் சூயிங்கம் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் திரும்பி, "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்றாள். இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் 'ஏம்மா' என்கிற மாதிரி. "கோல்டு, கோல்டு" என்றேன். அவள் என் பொய்யை நம்பி, பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மகள் அமுதா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள், அப்படியே தங்கிவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்தாவது வரை படித்தவள். வெளிநாட்டுக்கு வந்த நம் பெண்கள் பனியைப் பற்றியும் தோசைமாவு புளிக்காததைப் பற்றியும் நன்றாக எழுதுகிறார்கள். எனக்கும் அப்படி எழுத ஆசைதான். ஆனால் பேனாவை எடுத்தால் ஒரே ஒரு ஆள்தான் முன்னால் வந்து நிற்கிறாள். நான் சின்ன வயதிலிருந்தே கூச்சக்காரி. அந்தக் கூச்சத்தால் ஓர் உயிர் போயிருக்கிறது. அதை எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளில் எங்கள் குடும்பம் ராஜபாளையத்துக்கு வந்தது. வீட்டுக்காரர் பஞ்சு மில்லில் நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்டார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு லாட்ஜில் கூட்டிப் பெருக்கப் போனேன். மொத்தம் பதினாறு ரூம். கேரளாவுக்குப் பஞ்சும் சிமெண்டும் ஏற்றிப் போகிற டிரைவர்கள் பகலில் வந்து படுப்பார்கள். அவர்களைத் தேடி வருகிற பெண்கள் நாலைந்து பேர் உண்டு. அதில் ஒருத்திதான் பொன்னுத்தாயி அக்கா. மம்சாபுரத்துக்காரி. பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தவள். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான், தறியும் நின்றுபோனது. இரண்டு பிள்ளைகளையும் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, மில்லுக்குப் போவதாகச் சொல்லிப் பஸ் ஏறுவாள். மில்லுக்குப் போகிறவர்கள் மாதிரியே தூக்குச்சட்டியும் கொண்டு வருவாள். மத்தியானம் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து அந்தச் சோற்றை எனக்கும் பங்கு வைப்பாள், நான் கொண்டுபோன ரசத்தை அவளுக்கு ஊற்றுவேன்.

"ஏட்டி மாரி, ஒன் ரசத்துல உப்பே இல்ல. உப்பு ஒசத்தியா இருந்தா ஒன் புருசன் எந்திரிச்சு ஓடிருவான்னு பயமா?" என்பாள். எனக்குச் சிரிப்பாக வரும். யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத லாட்ஜில் என்னையும் சிரிக்க வைத்தவள் அவள்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டோம். அமுதா பிறந்து ஏழு மாதம். மூத்தவனோடு சேர்த்து இரண்டு போதும் என்று நான் போனேன். அவளுக்கு வேறு காரணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் முகாம் போட்டிருந்தார்கள். கட்டில் கிடையாது, ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்து நான் வாந்தி எடுத்தபோது, பக்கத்தில் கிடந்தவள் தையல் வலியோடு ஒருக்களித்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது ஆளுக்கொரு பச்சை வாளியும் ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அட்டையில் பேர், தேதி, டாக்டர் கையெழுத்து, மேலே குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமாகத் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம். நான் என்னுடையதை எங்கேயோ போட்டுவிட்டேன். அவள் அதை நாலாக மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டாள்.

வருகிற ஆட்களிடம் அதை எடுத்துக் காட்டுவாளாம். பிள்ளை உண்டாகிவிடும், பின்னால் பிரச்சினை வரும் என்கிற பயம் அவர்களுக்கு வேண்டாமல்லவா. ஆபரேஷன் பண்ணின பெண் என்றால் டிரைவர்கள் கேட்டு வருவார்கள். மற்றப் பெண்கள் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுகூட உண்டு. "சர்க்கார் சர்டிபிகேட்டு வச்சிருக்கா, மகராசி" என்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ரெஜினா டீச்சர் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், முன்னால் பால்வாடியில் வேலை பார்த்தவர். ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, புதிதாகப் பரவுகிற எய்ட்ஸைப் பற்றி லாட்ஜ்களில் சொல்லிக்கொண்டு போனார். மேனேஜர் அண்ணாச்சி முதலில் விரட்டினார். "எங்க லாட்ஜ்ல அப்பிடிப்பட்ட ஆளே கெடையாது டீச்சர்" என்றார், மாடிப்படியில் பொன்னுத்தாயி அக்கா இறங்கி வந்துகொண்டிருக்கும்போதே. டீச்சர் அவரைப் பார்க்கவில்லை, கையில் துடைப்பத்தோடு நின்ற என்னைப் பார்த்தார். எல்லா ரூமுக்குள்ளும் போகிறவள் நான்தானே.

ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச்சொல்லி எங்களைப் போல எட்டுப் பத்துப் பேருக்குப் பாடம் நடத்தினார். உறை மாட்டிக் காட்ட மரத்தில் ஓர் உருவம் செய்து மேஜைமேல் வைத்திருந்தார். நான் கடைசி வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணைத்தான் மூடினேன், காதை மூடவில்லை. டீச்சர் சொன்னது ஒவ்வொன்றும் கேட்டது. "ஆபரேஷன் பண்ணின பொம்பளைங்களுக்கும் இந்த நோய் வரும். பிள்ளை வராதுன்னா நோய் வராதுன்னு அர்த்தம் இல்ல. இத முக்கியமா சொல்லணும், மறந்துராதீங்க." அந்த நிமிஷமே எனக்குப் பொன்னுத்தாயி அக்காவின் மணிபர்ஸ் ஞாபகம் வந்தது. எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

டீச்சர் கொடுத்த நிரோத் காண்டம் பாக்கெட்டுகளைக் கையில் வைத்திருக்க அந்தப் பெண்கள் பயந்தார்கள். போலீஸ் பையைச் சோதித்து அது இருந்தால், அதையே சாட்சியாக வைத்து இழுத்துக்கொண்டு போவார்கள். அதனால் ரூமிலேயே வைத்துவிடுவது என்று ஏற்பாடு. ஒவ்வொரு ரூமிலும் சோப்பு டப்பாவுக்குள் இரண்டு பாக்கெட் வைப்பேன். அது எளிதாக இருந்தது. யாரையும் பார்க்க வேண்டாம், வாய் திறக்க வேண்டாம். வாயால் சொல்ல வேண்டியதுதான் வரவில்லை. அந்த நோயின் பேரைச் சொன்னால், 'உன் தொழில் எனக்குத் தெரியும், அதில் என்ன நடக்கிறது என்றும் தெரியும்' என்று முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி. இத்தனை வருஷமாக நாங்கள் ஒன்றாகச் சாப்பிட்டோம். மில்லுக்குப் போகிறேன் என்று அவள் தூக்குச்சட்டி தூக்கி வருவதை நானும் அப்படியே நம்புகிற மாதிரிதான் இருந்தேன்.

சோப்பு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, குழாயடிக்கு வந்து அவளே கேட்டாள்.

"என்னட்டி இது, ரூமு ரூமுக்கு முட்டாயி வைக்க?"

"டீச்சர் குடுத்து விட்டாவக்கா."

"எதுக்காம்?"

"குடும்பக் கட்டுப்பாட்டுக்கு" என்றேன். வாயில் வந்த கௌரவமான வார்த்தை அதுதான்.

அவள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் அதே சிவப்பு முக்கோணம். மணிபர்சைத் திறந்து அட்டையை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். "இந்தா பாரு, ரெண்டும் ஒரே கம்பெனி. நானும் நீயும் அந்தச் சோலியத்தான் எப்பவோ முடிச்சாச்சே. எனக்கு எதுக்குட்டி? எங்க தெருவுல ஒரு புதுப்பொண்ணு, இப்பப் பிள்ள வேண்டாமுன்னு அழுதுகிட்டுக் கெடக்கா. அவளுக்குக் குடுக்கேன்." பாக்கெட்டைத் தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடினாள்.

"யக்கா" என்றேன்.

"என்ன?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "சோறு கொஞ்சம் வையிக்கா" என்றேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ஊரில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த 'யக்கா'வுக்கு அடுத்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது சுலபமாக வருகிறது.

இரண்டு வருஷம் போயிருக்கும். அவளுக்குப் பேதி நிற்கவில்லை, நாக்கு வெள்ளை படிந்தது, வளையல் முழங்கை வரை ஏறியது. டீச்சர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தார். முடிவைச் சொன்ன அன்று நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மெதுவாகக் கேட்டார். "பொன்னுத்தாயி, லாட்ஜ்ல வச்சத நீ ஒரு நாளும் உபயோகிக்கலையாம்மா?"

"நான்தான் ஆபரேஷன் பண்ணினவள்லா டீச்சர்" என்று சொல்லி மணிபர்சைத் திறந்து அட்டையை நீட்டினாள். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. டீச்சர் அதை வாங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பொன்னுத்தாயி அக்காவும் பார்த்துவிட்டாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"அன்னைக்கே தெரியும்க்கா. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் கத்தவில்லை. "ஒன் வெக்கத்துக்கு என் உசுரா கெடச்சுது?" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அவளை அவள் அம்மா வீட்டு மாட்டுக்கொட்டத்தில் தனியாகப் போட்டிருந்தார்கள். தட்டைக் காலால் தள்ளி வைத்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் மம்சாபுரத்துக்குப் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டு போவேன். என் கையால் வாங்கமாட்டாள். கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றால் குடிப்பாள். நாலாவது ஞாயிறு அவளே கூப்பிட்டாள்.

"ஏட்டி, உள்ள வா. கஞ்சியில உப்பே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. பின்பு கேட்டாள். "லாட்ஜுக்குப் புதுசா சோழபுரத்துப் பிள்ள ஒருத்தி வருதாளாமே. அவகிட்டச் சொன்னியா?"

"இல்லக்கா."

"இன்னுமா சொல்லல? ஏ பாவி, இன்னும் எம்புட்டுப் பேருட்டி ஒனக்கு வேணும்?"

மறுநாளே சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ரூமைக் கூட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன் பண்ணினாலும் வரும், பண்ணாவிட்டாலும் வரும், குடித்துவிட்டு வருகிறவன் மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடு, நான் வராந்தாவில்தான் நிற்பேன், என்னைக் கூப்பிடு. அவள் பயந்துபோய், "யாருகிட்டக்கா பேசுதீய?" என்றாள். "ஒங்கிட்டத்தான்" என்றேன். அதற்குப் பிறகு அந்த லாட்ஜை விட்டு வருகிற வரைக்கும் வந்த பெண்கள் எல்லோரிடமும் சொன்னேன், சுவரைப் பார்த்தே. எனக்குச் 'செவத்துக்காரி' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். கேட்டவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சோழபுரத்துப் பெண் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

பொன்னுத்தாயி அக்கா அந்தத் தையில் இறந்துபோனாள். குளிப்பாட்ட யாரும் வரவில்லை. நானும் டீச்சரும் குளிப்பாட்டினோம், கொட்டத்து மூலையில் கிடந்த அந்தப் பச்சை வாளியில் தண்ணீர் கொண்டுவந்து. தண்ணீர் பிடிக்க எடுத்தபோது வாளிக்குள் அவள் மணிபர்ஸ் இருந்தது. உள்ளே அட்டை. அதை அவள் மகளிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் என்ன அட்டை, ஏன் உங்களிடம் என்று கேட்பாளே, கதை முழுவதையும் சொல்ல வேண்டுமே. அதற்கும் எனக்கு வாய் வரவில்லை.

அமுதா வேலை பார்க்கிற இடத்தில் இதே நோயோடு எழுபது வயது தாண்டியவர்கள் இருக்கிறார்களாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிப்போகிறார்களாம். ஒரு கிழவர் தன் தோட்டத்துத் தக்காளியைக் கொண்டுவந்து நர்ஸ்களுக்குக் கொடுத்தாராம். அமுதா அதில் நாலு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நம் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் இப்போது அந்த மாத்திரை சும்மாவே கிடைக்கிறது என்று அவள்தான் சொன்னாள். நான் அந்தத் தக்காளியில் ரசம் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. என்னால்தான் குடிக்க முடியவில்லை.

சூப்பர்மார்க்கெட்டில் அந்தப் பெண்ணைப் பார்த்த அன்று பஸ்ஸில் வீடு திரும்பினேன். வயதானவர்களுக்கு இங்கே பஸ் இலவசம், போட்டோ போட்ட பாஸ் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அது என் பர்சில் இருக்கிறது, அக்காவின் அட்டையும் அதே பர்சில்தான் இருக்கிறது. கண் கலங்கியிருந்ததால் பார்க்காமல் எடுத்து நீட்டிவிட்டேன். டிரைவர் தலைப்பாகை கட்டியவர். மடிப்பு விட்டுப்போன அந்தத் தமிழ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முக்கோணத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தன்மையாக, "சாரி, லவ். நாட் வாலிட் ஹியர்" என்றார். இங்கே செல்லாதாம்.

அங்கேயும் செல்லவில்லை, தம்பி என்று தமிழில் சொன்னேன். அவருக்கு என்ன விளங்கியதோ, கையை அசைத்து உள்ளே போகச் சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரு கையில் என் போட்டோ போட்ட பாஸ், இன்னொரு கையில் அவள் பேர் போட்ட அட்டை. வெளியே மழை. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. நிறுத்தச் சொல்லி நான் மணி அடிக்கவில்லை.