தெரிந்த ஆள் கேட்ட கேள்வி

பெங்களூர் பீன்யாவில், அந்த ஃபேக்டரி ஏரியாவில், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, நான் நிரப்பிய ஃபாரங்களால் ஒரு கிளினிக்கை மூடப் பார்த்தார்கள்.

பிள்ளைகளே, அப்பாவுக்கு சர்வே வேலை என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். என்ன சர்வே என்று அப்போது சொல்லவில்லை. இப்போது வளர்ந்துவிட்டீர்கள், சொல்கிறேன். எய்ட்ஸ் பயம் பரவியிருந்த தொண்ணூறுகள். மனைவியைத் தவிர வேறு உறவு உண்டா, ஆணுறை பயன்படுத்துகிறீர்களா என்று ஃபேக்டரி ஆட்களிடம் கேட்டு எழுத வேண்டும். பத்தாவது ஃபெயிலான என்னை எடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே லேத் ஓட்டும் தமிழ் ஆட்களின் காலனியில்தான் நானும் இருந்தேன். நம்ம ஆள் கேட்டால் மனம்விட்டுச் சொல்வார்கள் என்று ஆபீஸில் நினைத்தார்கள்.

செல்வம் என்று ஒரு லேத் ஆபரேட்டர். கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டான்.

"அண்ணே, அண்ணியும் என் சம்சாரமும் ஒரே குழாயில தண்ணி புடிக்கிறாங்க. என்னை ராமன்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். எல்லோரும் ராமன்தான். ஒரு ஃபாரத்தில்கூட 'ஆம்' இல்லை. வேலை சீக்கிரம் முடிந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

கிளினிக் டாக்டரம்மா ஃபாரக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "இங்க ஒருத்தருக்கும் தேவையில்லேன்னா, கிளினிக்கை எடுத்துடலாம்னு மேல சொல்றாங்கப்பா."

பாலியல் நோய்க்கு அந்தப் பக்கம் இலவச மருந்து அங்கே மட்டும்தான். என்னை எடுத்த காரணமே தப்பு என்று நானே சொல்ல வேண்டும். சொன்னால் என் வேலை போகலாம். சொன்னேன்.

"மேடம், அவங்க ஃபாரத்துக்குப் பதில் சொல்லலை, எனக்குச் சொன்னாங்க. மஞ்சுநாத்தை அனுப்புங்க. அவரை யாருன்னே அவங்களுக்குத் தெரியாது."

மஞ்சுநாத் ஹாசன்காரர், என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்; தன் கன்னட ஆட்களிடம் அவர் எழுதியதிலும் 'ஆம்' இல்லை. "ஏன் குரு, நின் கெல்சானும் நானே மாடபேகா?" என்றார். உன் வேலையையும் நானே செய்யணுமா என்று கிண்டல். ஆனால் போனார். அவருடைய கன்னட ஆட்களிடம் அரைகுறைக் கன்னடத்தோடு நான் போனேன். நண்பர்கள் சுற்றி நின்றால் சிலர் இல்லாததையும் சேர்த்து அளந்தார்கள். அதனால் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டோம்.

அதே கேள்விகள், அதே ஆட்கள். இந்தத் தடவை எங்கள் இருவர் ஃபாரக் கட்டுகளிலும் 'ஆம்' வந்தது. ஃபாரத்தில் பெயர் கிடையாது. எது யாருடையது என்று நான் தேடவும் இல்லை.

கிளினிக் அங்கேயே இருந்தது. என் வேலையும் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கிளினிக் வரிசையில் செல்வம் நின்றான். என்னைப் பார்த்ததும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தான். நான் சைக்கிளைத் திருப்பி, பின் கேட் வழியாக உள்ளே போனேன்.

பேப்பரில் இந்த மாதிரிக் கணக்கு வந்தால், கேட்டவர் யார், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று முதலில் பாருங்கள். செல்வத்தின் முதல் பதிலை எழுதியது உங்கள் அப்பாதான். அது தப்பு என்று போய்ச் சொன்னதும் உங்கள் அப்பாதான்.