வாலில் கட்டிய நூல்

அந்தப் பொம்மை மானுக்கு வால் ஆட வேண்டும் என்று சொன்னது நான். அந்த வாலைப் பார்த்து அம்பு விட்டுப் பிடிபட்டவர் என் தங்கையின் கணவர். திருப்பதியிலிருந்து ஒரு தமிழ் நாளிதழுக்குச் செய்தி அனுப்புவது என் வேலை. நடந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பழகிவிட்டேன். அவர் கைதான செய்தியில் மட்டும் அப்படிச் செய்யவில்லை. அதை இப்போது செய்கிறேன்.

எங்கள் ஊர் ஆந்திரத்தின் விஜயபுரம் மண்டலத்தில், காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிறது. எங்கள் அப்பா, நைனா, இறந்த பிறகு நிலத்தைத் தங்கையும் அவள் கணவரும் பார்த்துக்கொண்டார்கள். அவர் திருத்தணிப் பக்கத்துக்காரர். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் நேரே கடலைக் கொல்லைக்குப் போவார். 'வீட்டோட மாப்ள' என்று டீக்கடையில் கேலி செய்தால், ஆமாம், வீடும் நல்லா கீது, மாப்ளயும் நல்லா கீறான் என்பார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். என்னை மச்சான் என்பார். நான் மாப்ளே என்பேன்.

சென்னையில் கல்லூரியில் படித்தபோது அவர் வில்வித்தை பழகியவர். மாநில அணித் தேர்வில் கடைசிச் சுற்றில் விழுந்துவிட்டார். அந்த வில்லை விற்கவில்லை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், தங்கையின் துவைத்த புடவைகளுக்கு நடுவே தொங்கும். கைப்பிடியில் சிவப்பு எலக்ட்ரிக் டேப் சுற்றியிருப்பார். எதற்கு இன்னும் என்று ஒருமுறை கேட்டேன். பன்றிக்கு என்றார். கடலை பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் பன்றி வந்தால் ஒரே நாளில் அரை ஏக்கர் போய்விடும். அதனால் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டேன்.

ஒரு மாலை அவரோடு கொல்லை மேட்டில் உட்கார்ந்திருந்தேன். காட்டு ஓரத்தில் ஐந்தாறு புள்ளிமான்கள் வந்து நின்றன. அவர் சத்தம் போட்டு விரட்டவில்லை. குரலைத் தாழ்த்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "காத நம்பாத மச்சான். காது எப்பவும் ஆடிக்கினுதான் இருக்கும். வாலப் பாரு. வாலு சும்மா ஆடுச்சின்னா அதுக்கு பயமில்ல. வாலத் தூக்கிக்கினு நின்னுச்சின்னா ஓடப் போவுது." இதை இவ்வளவு சரியாகச் சொல்கிறாரே என்று ரசித்தேன். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குத் தங்கை ஒரு டப்பாவில் கறி வறுவல் கொடுத்தனுப்பினாள். ஆட்டுக்கறி என்றாள். கொழுப்பே இல்லாமல், இழை மெல்லியதாக இருந்தது. மிளகு தூக்கலாகப் போட்டிருந்தாள். அதையும் சாப்பிட்டேன். அப்போதும் கேட்கவில்லை. ஊரில் எல்லாரிடமும் கேள்வி கேட்டுச் சம்பாதிக்கிறவன் நான்.

அடுத்த தை மாதம் எங்கள் ஏரிக்கரையில் ஒரு பெண்மான் வந்து விழுந்து செத்தது. பின்தொடையில் முறிந்த அம்பு. நாய்கள் குரைத்ததில்தான் ஆட்கள் பார்த்தார்கள். நான் போய்ப் படம் எடுத்து, ஆறு வரிச் செய்தி அனுப்பினேன். படத்தில் அம்பின் வால் தெரியவில்லை. நான் பார்த்தேன். அலுமினியக் குச்சி, பிளாஸ்டிக் இறகு. கடையில் வாங்கியது. செய்தியில் 'அம்பு' என்று மட்டும் எழுதினேன்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மான்கள் அப்படிக் கிடைத்ததாக அந்தப் பகுதி வனத்துறை பீட் ஆபீசர் சொன்னார். வரதய்யபாளையத்துக்காரர், தமிழ்க் குடும்பம். எனக்குப் பல வருடப் பழக்கம். வண்டியில் வெளியூர்க் கும்பல் வருகிறது என்பது ரேஞ்சரின் கணக்கு. பிடிக்க ஒரு பொம்மை மான் வைக்கப் போகிறோம், பிடிக்கும்வரை எழுதக் கூடாது, பிடித்தால் முதல் செய்தி உனக்கு என்றார். ஒப்புக்கொண்டேன்.

பூங்காக்களில் குழந்தைகள் ஏறி உட்காரும் ஃபைபர் மான் அது. திருப்பதிக்கு வெளியே ஒரு பட்டறையில் வாங்கியிருந்தார்கள். பளபளப்புத் தெரியாமலிருக்க செம்மண்ணைக் கரைத்துப் பூசியிருந்தார்கள். புள்ளிகள் அளந்து வைத்ததுபோல் வரிசையாக இருந்தன. எங்கள் கொல்லையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், ஒற்றையடிப் பாதை காட்டுக்குள் நுழையும் இடத்தில் புல்வெளி ஓரமாக நிறுத்தினார்கள். விடியலில் இரண்டு மணி நேரம் ஈச்சம் புதருக்குள் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

நான்காம் நாள் நானும் போனேன். யாரும் வரவில்லை. பீட் ஆபீசர் சலித்துப்போயிருந்தார். "நாலு நாளா இதுக்கு காவல் காத்துக்கினு கீறோம். இது மேல குருவி உக்காந்ததுதான் மிச்சம்" என்றார். உடனிருந்த காவலர், இதற்கு வைக்கோல் போட்டுப் பார்க்கலாமா என்று தெலுங்கில் கேட்டார்.

நான் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவறு எங்கே என்று உடனே தெரிந்தது. பிழை திருத்துகிறவனுக்கு வரும் சின்னச் சந்தோஷமும் வந்தது. மானின் வால் இப்படி நிற்காது என்றேன். வால் ஆட வேண்டும், ஆடினால்தான் பார்க்கிறவன் அதற்குப் பயமில்லை என்று நினைப்பான், கிட்டே வருவான் என்றேன்.

அவராக இருக்கலாம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதா? தோன்றியது. இடம் குறைந்தால் செய்தியின் கடைசிப் பத்தியை வெட்டுவோம். அந்த எண்ணத்தை அங்கே வைத்து வெட்டினேன். வெளியூர்க் கும்பல் என்று ரேஞ்சரே சொல்லிவிட்டார் அல்லவா.

அன்றே ஃபைபர் வாலை அறுத்து எடுத்தார்கள். பழைய சாக்கில் ஒரு வால் தைத்து, அடியில் வெள்ளைத் துணி வைத்தார்கள். தூண்டில் நரம்பைக் கட்டி அதன் மறுமுனையைப் புதர்வரை இழுத்து வந்தார்கள். பீட் ஆபீசர் இரண்டு முறை சுண்டிக் காட்டினார். முப்பது அடி தள்ளி நின்று பார்த்தேன். இப்போது இது மான் என்று சொன்னேன்.

ஆறாம் நாள் விடியலிலும் நான் இருந்தேன். வெளிச்சம் வந்து, புல்லின் நிறம் தெரிய ஆரம்பித்த நேரம். பாதையில் ஒருவர் தனியாக நடந்து வந்தார். வண்டியும் இல்லை, கும்பலும் இல்லை. கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. முகம் தெரியுமுன் நடை தெரிந்தது. அதற்கு முன்பே கையிலிருந்த சிவப்பு டேப் தெரிந்திருக்க வேண்டும். எது முதல் என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பொம்மையைப் பார்த்ததும் நின்றார். குந்தி உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். வில்லைத் தூக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பிறகு எழுந்து, வந்த பாதையிலேயே திரும்பினார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

பீட் ஆபீசரின் விரல் நரம்பில் இருந்தது. பாதையில் அவர் திரும்பியதற்கும் இந்த விரல் அசைந்ததற்கும் நடுவே இரண்டு மூன்று நொடி இருக்கும். நான் இருமியிருக்கலாம். விடியற்பனியில் எனக்குத் தொண்டையில் இருமல் இருந்தது. அதை அடக்கித்தான் உட்கார்ந்திருந்தேன். தொடர்ந்து அடக்கினேன்.

வால் ஆடியது. காய்ந்த புல்லில் சாக்கு உரசும் சிறு சத்தம். அவர் திரும்பிப் பார்த்தார். வால் மறுபடி ஆடியது. அவர் முழங்காலிட்டு, ஒரே வீச்சில் நாணை இழுத்து விட்டார். பிளாஸ்டிக் வாளியை உதைத்ததுபோல் ஒரு சத்தம் வந்தது.

காவலர்கள் ஓடியபோது அவர் ஓடவில்லை. வில்லை நாண் மேலே இருக்கும்படி தரையில் வைத்தார். விளையாட்டு மைதானத்தில் வைப்பதுபோல் வைத்தார். கடைசியாகப் புதரிலிருந்து வெளியே வந்தவன் நான். என்னைப் பார்த்தார். பிறகு பொம்மையின் வாலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்க்கவில்லை.

வேட்டையாட முயன்றாலும் வேட்டைதான் என்பது சட்டம். வீட்டுக் கொட்டகையில் பழைய கொம்பு ஒன்றும் கிடைத்தது. ரிமாண்டில் வைத்தார்கள். நான்கு பத்தி எழுதி அனுப்பினேன். எல்லாருக்கும் எழுதுவதுபோல் அவருக்கும் பெயர், வயது, ஊர் எழுதினேன். கைதானவர் எனக்கு உறவு என்பதையும், நான் புதருக்குள் இருந்ததையும், வாலையும் எழுதவில்லை. வேறு தகவல் உண்டா என்று டெஸ்க்கில் கேட்டார்கள். இல்லை என்றேன்.

தங்கையிடம், செய்தி என் காதுக்கு வந்ததும் ஓடி வந்தேன் என்றேன். பீட் ஆபீசரும் வாய் திறக்கவில்லை. உறவு என்று தெரிந்த பிறகு அவர் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகவே பேசுகிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வக்கீலைப் பிடித்தது, ஜாமீனுக்கு ஆள் தேடியது எல்லாம் நான். கம்பெனியில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜாமீனில் வந்த அவர் வாரம் ஒருமுறை சித்தூரில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த நாளில் நானும் திருப்பதியிலிருந்து சித்தூர் போவேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் சேர்ந்து சாப்பிடுவோம். கடலை விலை, மழை, வக்கீல் இப்படிப் பேசுவோம். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அந்த வாலு யாரு யோசன மச்சான்?"

பீட் ஆபீசர்தான் நூலை இழுத்தார் என்றேன்.

"இஸ்தவன கேக்கல."

அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். அப்பளத்தை உடைத்தார்.

"காது ஆடலன்னு திரும்பிட்டேன். அப்புறம் வாலு ஆடிச்சி. அத உன்கிட்ட மட்டுந்தான் சொல்லிக்கீறேன்."

நான்தான் என்றேன். சொன்னபோது சர்வர் மோர் ஊற்ற வந்தார். இருவரும் கையைக் காட்டி வேண்டாம் என்றோம்.

"உன் தங்கச்சிக்கு தெரிய வாணாம்" என்றார். "நைனாவும் பூட்டாரு. அவளுக்குன்னு நீ ஒத்தன்தான் கீற."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை என்று நினைக்கிறேன். கைகழுவிவிட்டு வந்து, கங்காதர நெல்லூர் வழியாகப் போகும் புத்தூர் பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பஸ் நகரும்வரை நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் கொல்லைக்குக் காவல் போவதில்லை. போன பட்டத்தில் மானும் பன்றியும் தின்றது போக மிஞ்சிய கடலையில் தங்கை எனக்கு ஒரு பை கொடுத்தனுப்பினாள். போன் செய்தாள். "நீ இல்லன்னா அவுரு இன்னும் உள்ளதான் இருந்திருப்பாரு, ணா" என்றாள். அவள் அப்படிச் சொல்வது அது முதல் முறை அல்ல. ஒவ்வொரு முறையும் நான் சரி சரி என்று போனை வைத்துவிடுவேன். அந்தப் பை சமையலறையில் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

நான் ஊரில் தமிழ் மீடியத்தில் படித்தேன். தங்கை படிக்கும்போது அந்த வகுப்புகள் இல்லை. அவள் தெலுங்கு மீடியம். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதுவும் பஸ் போர்டு அளவுக்கு. நான் எழுதுவது எதுவானாலும், பெயர் போடாத சின்னச் செய்தியானாலும், அது என்னுடையது என்று தெரிந்தால் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். அவரும் அடுப்பங்கரை வாசலில் நின்று சத்தமாகப் படித்துக் காட்டுவார். அவருடைய கைதுச் செய்தி ஒன்றைத்தான் அவர் படித்துக் காட்டியிருக்க மாட்டார்.

இதுவும் அந்த வீட்டுக்குப் போகும். அவள் எடுத்து அவர் கையில் கொடுப்பாள். முதல் வரியைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிடும். அதற்கு மேல் படிப்பதா, வேறு ஏதாவது சொல்லி மடித்து வைப்பதா என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். நேரில் சொல்ல வேண்டிய என் வேலையை இப்படி அவர் தலையில் வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.