மிஸ்ஸி சொல்லாத பதில்

நீலப் பேனாவால் இழுத்த ஒரு சின்னக் கோடு. அரை அங்குலம்கூட இருக்காது. சித்தியின் கிளினிக் அட்டையில் ஒரு கேள்விக்கு நேரே மிட்வைஃப் மிஸ்ஸி அதை இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஒன்றுமில்லை என்பதற்கு அவர் போடும் அடையாளம் அது. மிஸ்ஸியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன், அவர் எழுதினார். இழுத்தது அவர் கை என்றாலும் அந்தக் கோடு என்னுடையது.

இதை எழுதட்டுமா என்று சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. பேரு மட்டும் போடாத. அப்பறம் லயம் பூரா வந்து என்னையக் கேப்பாளுக" என்றாள். சித்தப்பாவுக்கும் இப்போது எல்லாம் தெரியும், அவளே சொல்லிவிட்டாள். ஆகவே இங்கே அவள் வெறும் சித்தி. அம்மாவின் கடைசித் தங்கை, என்னைவிட எட்டே வயது மூத்தவள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தாள். கொழுந்து எடுக்கும் மலையில் எந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறதோ அந்தப் பக்கம் சித்தி இருக்கிறாள் என்று அர்த்தம். கங்காணி அதட்டினால் அவருடைய குரலிலேயே திருப்பி அதட்டிக் காட்டுவாள். அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

சித்தப்பாவுக்கு மருந்தடிக்கிற வேலை. தேயிலைச் செடிகளுக்கு இடையில் மண்டும் புல்லைக் கருக்க, முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கி அடிக்க வேண்டும். புல்லைக் கொல்வதற்கும் மருந்து என்றுதான் பெயர், காய்ச்சலுக்குக் கொடுப்பதற்கும் அதே பெயர்தான். டேங்க் கசிந்து அவருடைய சட்டையின் முதுகுப் பக்கம் எப்போதும் நனைந்திருக்கும். தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு வாடை. மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் உட்கார்ந்து சித்தி அதைத் துவைப்பாள், வெறுங்கையால், மற்றத் துணிகளோடு சேர்த்து.

அவள் முழுகாமல் இருந்த அந்த வருடம் நான் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். டவுன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தலைக்கனமும் அதே அளவுக்கு இருந்தது. கிளினிக்கில் முன்பு இருந்த தமிழ் தெரிந்த மிஸ்ஸி மாற்றலாகிப் போய், புதிதாக வந்தவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். நல்ல மனுஷி. ஆனால் வாசல் வரைக்கும் வரிசை நிற்கும்போது யாரிடமும் நின்று பேச அவருக்கு நேரம் ஏது? சித்தி என்னைத் துணைக்குக் கூட்டிப் போனாள். நான் பேசியதும் மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தார். எங்கே படிக்கிறாய், இவ்வளவு அழகாகப் பேசுகிறாயே, தோட்டத்துப் பிள்ளை மாதிரியே இல்லையே என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. நான் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

"மருந்து ஏதாச்சும் குடிக்கிறீங்களான்னு கேக்குறாங்க சித்தி."

"அடியே, மருந்து குடிக்க எனக்கென்னடி கேடு? ஒங்க சித்தப்பா என்னைய நல்லாத்தான வச்சிருக்காரு!"

வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் 'மருந்து குடிச்சிட்டா' என்றால் ஒரே அர்த்தம்தான். வீட்டில் சண்டை, அப்புறம் ஆம்புலன்ஸ். "எதுக்கும் எழுதி வச்சுக்கங்க மிஸ்ஸி, இவ குடிக்க மாட்டா, அந்த மனுசனுக்கு ஊத்திக் குடுத்துருவா" என்றாள் ஒருத்தி. மிஸ்ஸிக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி சிரித்து முடித்துக் குரலைத் தாழ்த்தினாள். "குடிக்கல. தொவைக்கத்தான் செய்றேன். அவரு மருந்தடிச்சிட்டு வர்ற சட்டையத் தொட்டா கை எரியுது, தல சுத்துது, அன்னைக்குப் பூரா வாந்தி. இந்த நேரத்துல தொவைக்கலாமான்னு மிஸ்ஸிகிட்ட கேளுடி."

நான் கேட்கவில்லை. வார்த்தை தெரியாமல் இல்லை. சிங்களத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான், பெஹெத். அதை அப்படியே தூக்கி வைத்திருந்தால் போதும், அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் தோட்டத்துப் பிள்ளை மாதிரியே இல்லை என்று சற்று முன்னால் சொன்னவரிடம், மருந்தடித்த சட்டை, பீலி, வாந்தி என்று எப்படி ஆரம்பிப்பது? வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கலாமே என்று பல தடவை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"நே மிஸ்ஸி" என்றேன். இல்லை என்று. கோடு விழுந்தது.

"என்னடி சொன்னாங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதாம் சித்தி. வாந்தி எல்லாருக்கும் வருமாம்."

"அப்ப சரி" என்று அட்டையை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் துவைத்தாள். வயிறு இறங்கி, குந்தி உட்கார முடியாமல், ஒரு காலை நீட்டிக்கொண்டு துவைத்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா, "வாயும் வயிறுமா இருக்கிறவ அதத் தொடாதடி, ஒன் புருசனக் கசக்கச் சொல்லு" என்று சத்தம் போட்டார். சித்தி விடுவாளா? "மிஸ்ஸியே ஒண்ணும் ஆகாதுன்னுட்டாங்க. நீங்க என்ன பெரிய டாக்டரா? வேணும்னா இவளக் கேளுங்க, இவதான பேசுனா!" நான் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஏழாவது மாதத்தில் வலி வந்தது. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெண் குழந்தை. இரண்டு நாள் இருந்தது. சித்தப்பா அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நனையக் கூடாதென்று தன் சட்டைக்குள் வைத்து மூடிப் பிடித்திருந்தார். பார்த்தவர்கள் அழுததே அதற்காகத்தான். ஆறாம் நாள் காலையில் சித்தி பீலியில் இருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. தண்ணீர் தெறித்துவிட்டது என்றாள். தண்ணீர் இல்லை, பால். வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு மலையில் அவள் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை என்று அம்மா வந்து சொன்னார்.

மருந்துதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர், குறைமாதத்துக்குப் பல காரணம் இருக்கும் என்றாராம். இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேம்பஸில் இரண்டாம் வருடம், ஒரு விரிவுரையாளர் போகிற போக்கில், மருந்தடிப்பவர்களின் துணியைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். வகுப்பில் எல்லாரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். என்னால் பேனாவைத் திறக்க முடியவில்லை. அதற்குள் சித்தப்பா, முதுகு பிடித்துக்கொண்டதால் டேங்க் தூக்க முடியாமல் தொழிற்சாலைக்கு மாறியிருந்தார். பிறகு பிறந்த பையன் லயத்து வாசலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். நான் லீவுக்கு வரும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பேன். அவனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திரும்பிப் போய்விடுவேன்.

போன லீவில்தான் சொன்னேன். சித்தி அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். வழியில் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன.

"சித்தி, அன்னைக்கு மிஸ்ஸி ஒண்ணுமே சொல்லல. நீங்க கேக்கச் சொன்னத நான் கேக்கவே இல்ல. ஒண்ணும் ஆகாதுன்னு நானாத்தான் சொன்னேன். அந்தத் துணியத் தொடவே கூடாதுன்னு கேம்பஸ்ல சொன்னாங்க."

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. ரொட்டி கருகியது, எடுக்கவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப, அது அன்னாசி இல்லையாடி?"

எனக்கு விளங்கவில்லை.

"நாலாம் மாசம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல அன்னாசி வித்தாங்க. உப்பும் மொளகாத்தூளும் போட்டு. திங்கக் கூடாதுன்னு எல்லாருந்தான் சொன்னாங்க. ஆச அடங்கல. ஒரு பை பூரா தின்னுட்டு, பைய ஜன்னல் வழியா வீசிட்டு வந்தேன். ஒங்க சித்தப்பாவுக்குக்கூடத் தெரியாது. இத்தன வருசமா நாந்தான் புள்ளயத் தின்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஐயோ, அன்னாசி இல்ல சித்தி."

அவள் என் பக்கம் திரும்பினாள். அடுப்புப் புகையில் கண் சிவந்திருந்தது. குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற தவிப்பு மட்டும் இருந்தது.

"நெசமா அவங்க சொன்னாங்களா? இல்ல, நீயா சொல்றியா?"

ஆமாம் என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன். அன்னாசியைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அது நானாகச் சொன்னது, கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். பிறகு, அன்றைக்கு வகுப்பில் கேட்டது என்ன, கேட்காதது என்ன என்று முதலிலிருந்து ஒவ்வொன்றாக, எதையும் சுருக்காமல் அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.