அயர்லாந்து கிராமத்தில் நான் அழித்தவர்கள்

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டிய அயர்லாந்துக்காரர். சின்ன வயதில் விட்டு வந்த கிராமத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். எந்த வீட்டில் யார் பிறந்தார்கள், யார் கப்பலேறினார்கள் என்று பழைய சர்ச் பதிவேட்டைப் பார்த்து நோட்டு நோட்டாக எடுத்து வைத்திருந்தார். அந்த ஊரில் அதைப் புத்தகமாக அச்சடிக்கப் போகிறார்கள். பெயர்களை வரிசைப்படுத்தித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார்.

"இதெல்லாம் எனக்கு ஒரு வீக்கெண்ட் வேலை" என்றேன். இருபது வருடமாக வங்கிகளுக்கு டேட்டா சுத்தம் செய்பவன். வாய் கொஞ்சம் நீளம்.

எல்லாவற்றையும் டைப் செய்து முடித்ததும் பழக்கதோஷம் வேலையைக் காட்டியது. ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, ஒரே பெயர் என்று இரண்டு முறை வந்தவர்களில் ஒருவரை நீக்கினேன். பிறந்த வருடம் மட்டும் இடித்தது. யாரோ தப்பாக எழுதியிருப்பார்கள் என்று பிந்தையதை வைத்துக்கொண்டேன். வங்கியில் அப்படித்தான் செய்வோம்.

பிரிண்ட் அவுட்டைக் கொடுத்தேன். அவர் விரல் தன் வீட்டாரின் பெயர்கள் இருந்த பக்கத்தில் நின்றது.

"இங்க எங்க அண்ணன் இருக்கணுமே?"

"நீங்கதான் இருக்கீங்களே!"

"அது நான். அவன் ரெண்டு வயசுல போயிட்டான். அவன் பேரைத்தான் எனக்கு வெச்சாங்க. எங்க ஊர்ல அது வழக்கம்." கண்ணாடியைக் கழற்றினார். "போட்டோ கிடையாது, கல்லறையில கல்லு கிடையாது. அவன் இருந்தான்னு சொல்ல அந்த ஒரு வரிதான்."

திட்டியிருந்தால் தேவலை. நோட்டுகளை மறுபடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

விஷயத்தைக் கேட்ட மனைவி, "உங்க தாத்தா, உங்க பெரியப்பா பையன், நீங்க, மூணு பேருக்கும் ஒரே பேரு. இது கூடவா தோணல? உங்களை எவனாவது ட்யூப்ளிகேட்னு டெலீட் பண்ணியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள்.

சோபாவிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "ஷீ ஹேஸ் எ பாயிண்ட், அப்பா."

இந்த முறை நீக்கியவர்களை ஒவ்வொருவராகக் கையாலேயே சேர்த்தேன். பெரும்பாலும் குழந்தைகள். பின்னால் பிறந்த தம்பிக்கோ தங்கைக்கோ பெயரைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். கிராமம் மூன்று பக்கம் நீண்டது.

புதிய தாளில் அவர் மேல் வரியைத் தொட்டார். "இது அவன்." கீழ் வரியைத் தொட்டார். "இது நான்." விரல் மறுபடி மேலே போய் அங்கேயே நின்றது.