தண்ணீர் இல்லாத குளம்

2006 ஆடி மாதம், அடுத்த வருடக் காலண்டருக்கு ஆர்டர் கொடுக்க விருதுநகரிலிருந்து சிவகாசி போய்வந்தேன். வருடா வருடம் போகிற இடம்தான். மனைவி இல்லாமல் போனது இதுவே முதல் தடவை. பங்குனியில் அவள் இறந்துபோனாள்.

எனக்கு மல்லி விதை மொத்த வியாபாரம். அவள் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள். நான் வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போகிறவன். பிறவிக் குருடன் ஒருவன் சீலோவாம் குளத்தில் கழுவிப் பார்வை பெற்றான் என்று யோவான் சுவிசேஷத்தில் வரும். அவளுக்குப் பிடித்த இடம். "குளத்தை முதல்ல காட்டு, அப்புறம் பேசுவோம்" என்பேன். "ஒங்களுக்கு எல்லாத்துக்கும் சாம்பிள் வேணும்" என்பாள். அவள் போனபிறகுதான் பத்திரிகையில் படித்தேன்: 2004இல் ஜெருசலேமில் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது அந்தக் காலத்துக் குளத்தின் கல்படிகள் வெளிப்பட்டனவாம். கேட்ட சாம்பிள் வந்துவிட்டது. சொல்ல ஆள் இல்லை.

அங்கே புனிதப் பயணம் போன வாடிக்கையாளர் ஒருவர் படிகளைப் படமெடுத்து வந்தார். அவள் நினைவாக அதைக் காலண்டரில் போட அச்சகத்துக்கு முன்பே அனுப்பியிருந்தேன்.

காலை 9.10 பேருந்து, ஆமத்தூர், திருத்தங்கல் வழி, சுமார் 27 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஜன்னலோரம் எப்போதும் அவளுக்கு. பழக்கத்தில் அதை விட்டே உட்கார்ந்திருந்தேன். ஆமத்தூரில் ஏறியவர், "ஆளு வருதா அண்ணாச்சி?" என்றார். இல்லை என்று நகர்ந்துகொண்டேன். அப்புறம் வழியெல்லாம் பட்டாசு ஆபீஸுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் வேன்களைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அச்சகத்தில் படம் திருத்தும் முருகேசன் மாதிரி அச்சைப் பெருமையாக விரித்தார். உடைந்த படிகளெல்லாம் புத்தம் புதுசு. நிறைய நீலத் தண்ணீர், ஓரத்தில் தாமரை. மேலே, 'வேதம் உண்மையென நிரூபணம்!'

"நான் கொடுத்த படம் எங்கப்பா?"

"ஒடைஞ்சத வீட்டுல யாரு மாட்டுவாக? வருசப் பொறப்பும் அதுவுமா! கோபுரமா இருந்தாலும் வெடிப்ப அடைச்சுத்தான் போடுவோம். தாமரைக்குக் காசு கெடையாது அண்ணாச்சி."

"ஒடைஞ்சதுதாம்யா சரக்கே. நீ புதுசாக் கட்டிட்டா அது இருந்ததுக்கு எது சாட்சி? அந்த எழுத்தையும் எடுத்துரு."

"அப்ப நம்புறீகளா, நம்பலையா?"

"குளம் இருந்திருக்கு. வேதத்துல எழுதுனவருக்கு அந்த ஊரு தெரிஞ்சிருக்கு. கல்லு அம்புட்டுத்தான் சொல்லும். கண்ணு தெரிஞ்சதச் சொல்லாது. குத்தூசியால சாம்பிள் எடுத்துப் பாத்த ஒரு மூட்டை தேறிருச்சு. லோடு பூராம் தேறுமான்னு தெரியல. ஆனா லாரியத் திருப்பி அனுப்பல."

அவள் நம்பியது சரியென்றால் அவளை மறுபடி பார்ப்பேன். அவ்வளவு வேண்டிய சரக்கு என்பதாலேயே, எடையைக் கூட்டிக் காட்ட எனக்கு மனமில்லை.

முருகேசன் தண்ணீரை அழிக்க ஆரம்பித்தார். தாமரை வந்ததும் கை நின்றது. "அக்கா இருந்தா இத அழிக்க விட்டிருக்க மாட்டாக" என்றார். உண்மைதான்.

காலண்டர் போடப் போகிறவர்களுக்கு: ஆடிப்பெருக்கை ஒட்டிப் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பங்கள் வந்துவிடும், அப்போதே போங்கள், தீபாவளி நெருங்கினால் நின்று பேச யாருக்கும் நேரமிருக்காது. சொந்தப் படம் என்றால், திருத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். மாதிரியை நேரில் பாருங்கள்.

எனக்கு முடிந்த பேச்சு இது: முந்நூறு காலண்டர், ஒன்று பதினான்கு ரூபாய், பாதி முன்பணம், கார்த்திகையில் சரக்கு. படிகள் உடைந்தபடியே, கீழே 'சீலோவாம் குளத்துப் படிகள்' என்று மட்டும். தாமரை, படத்துக்கு வெளியே, நினைவாக அச்சிடும் அவள் பெயருக்குப் பக்கத்தில். அதற்குக் காசு கிடையாது.