அப்புக்காத்துக்கு உழுத உழவு

எழுபதுகளின் கடைசியில், உருத்திரபுரத்தில் மச்சானும் நானும் பங்குக்கு ஒரு உழவு மிசின் வாங்கினோம். வழக்கு வந்தால் தோற்றவர்தான் வென்றவருக்காக வாதாடிய அப்புக்காத்தின் கூலியைக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். முதலில் யாருடைய வயலை உழுவது என்று முறுகிக் கோடேறி வழக்காடினோம். நான் வென்றேன்.

மச்சானிடம் காசில்லை. தூரத்தில், ஓமந்தையில் வயல் வைத்திருந்த என் அப்புக்காத்து, "அப்ப என்ரை வயலை உழுது தாருங்கோ" என்றார். மச்சான் எங்கள் பங்கு மிசினையே அவ்வளவு தூரம் ஓட்டிப்போகப் புறப்பட்டான்.

"டீசல் காசிலை பாதி உன்ரை. ஒப்பந்தத்திலை கிடக்கு" என்றான். எனக்கு விசர்தான் வந்தது. ஆனால் கிடந்தது உண்மை.

மிசின் அங்கே சேற்றில் புதைந்தது. அதில் பாதி என்னுடையது என்பதால் கூடப் போயிருந்த நானும் இறங்கித் தள்ளினேன். வரம்பில் குடையோடு நின்ற அப்புக்காத்து சொன்னார்: "உங்களுக்குள்ளை என்ன சண்டை? ஒற்றுமையாத் தள்ளுங்கோ."