முப்பத்தேழாம் குழாயின் வயது

ரத்தத்தை எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்காமல் போகிற தொழில் எங்களுடையது. இரத்தினபுரிப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளர். மனிதருக்கு ஏன் மூப்பு வருகிறது, மூப்போடு ஏன் நோயும் வருகிறது என்று உயிரணுவுக்குள் போய்ப் பார்க்கிறோம். என் அம்மா இதை எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டுக்காரர்களுக்கு விளக்க முடியாமல், "மக ஆஸ்பத்திரி மாதிரி ஒரு எடத்துல இருக்கா" என்று முடித்துக்கொள்வார். தான் பார்க்கும் வேலையைச் சொந்த வீட்டாருக்கே புரியவைக்க முடியாமல் தவிப்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நீங்கள் எல்லோரும் என் கட்சி என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அட்டைக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம்

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களுக்கு நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பெண்கள் மழையில் நனைந்தபடி வந்தார்கள். ஊசியைக் கண்டதும் சிலருக்கு வீட்டில் அவசர வேலை ஞாபகம் வந்தது.

வரிசையின் கடைசிப் பக்கம் பொன்னம்மா நின்றார். ஒல்லி உடம்பு, தலையில் தேடினாலும் நரை கிடைக்காது. காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே கையை நீட்டினார். ஏற்கெனவே இவ்வளவு போயிருக்கிறதே, நானும் எடுக்கட்டுமா என்று தயங்கினேன்.

"அட்ட கேக்காமயே எடுக்குது மிஸ். நீங்க கேட்டுட்டுத்தானே எடுக்குறீங்க."

கார்டு சொன்ன வயது

எங்கள் முறை இது: சம்மதத் தாளில் பெயரெழுதி ஒப்பம் வாங்கி, அதை அலுமாரியில் பூட்டிவிடுவோம். குழாயில் எண் மட்டும்தான் இருக்கும். பொன்னம்மாவின் எண் முப்பத்தேழு. வயது கேட்டதும் அடையாள அட்டையை நீட்டினார். ஐம்பத்தொன்பது என்று கணக்கு வந்தது. அடுத்த வருடம் அறுபது ஆனதும், தோட்டத்து வேலையாட்கள் பதிவான செக்ரோலில் பேர் வெட்டி ஓய்வு கொடுத்துவிடுவார்கள். பார்த்தால் அப்படித் தெரியவே இல்லையே என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கார்டைத் துணிப்பையில் பத்திரமாகச் சொருகிக்கொண்டார்.

"கார்டு சொல்றதுதான் வயசு மிஸ். இது வரைக்கும் யாரும் வேற எதையும் கேட்டதில்ல."

நாற்பது பயணிகள்

அன்று எங்கள் வேன் பழுது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் சிங்களவர், தமிழும் பேசுவார். பெட்டியில் மீன் என்று நினைத்து மூக்கைச் சுளித்தார். மீன் இல்லை, நாற்பது பேருடைய ரத்தம், ஆராய்ச்சிக்குப் போகிறது என்றேன். ஒரு நிமிடம் யோசித்தவர், முன் சீட்டில் இருந்த தன் பையை எடுத்துவிட்டுப் பெட்டியை அங்கே உட்காரவைத்தார். எனக்குக் கடைசி வரை சீட் கிடைக்கவில்லை.

"நாப்பது பேர் வாராங்க தானே மிஸ், அவங்கள நிக்க வச்சிக் கொண்டு போறது சரியில்ல."

மேடம் சிரித்த நாள்

வயது ஏற ஏற நம் டிஎன்ஏவின் மேல் சின்னச் சின்ன இரசாயன அடையாளங்கள் சில கூடும், சில குறையும். அவற்றை வைத்து உடம்பின் வயதை ஓரளவு கணிக்கலாம். கார்டு வயதையும் உடம்பு வயதையும் சேர்த்துப் புள்ளி வைத்தால், எல்லாப் புள்ளிகளும் ஒரு கோட்டை ஒட்டியே விழும். முப்பத்தேழு மட்டும் கோட்டை விட்டு விலகித் தனியாக நின்றது. கார்டுக்கு ஐம்பத்தொன்பது, உடம்புக்கு ஐம்பத்தொன்று. மூன்று தடவை செய்து பார்த்தோம், பதில் மாறவில்லை.

எங்கள் ஆய்வுத் தலைவியை மேடம் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் சிரிக்கமாட்டார். அன்று சிரித்தார். அடுத்த மாதம் கொழும்பில் நடக்கும் கூட்டத்தில் இதைக் காட்டப்போவதாகச் சொல்லி, என்னைத் திரும்பவும் தோட்டத்துக்கு அனுப்பினார்.

"உந்த மனுசி என்ன சாப்பிடுறா, எப்பிடி நித்திரை கொள்ளுறா, எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு வாரும். எங்களுக்குப் பெரிய விஷயமொண்டு கிடைச்சிருக்கு."

ரொட்டியும் சம்பலும்

ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பால் சேர்க்காத பிளேன்டீ. பொன்னம்மாவின் இளமை ரகசியம் அவ்வளவுதான். எதற்கு இத்தனை கேள்வி என்று அவர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். முடிவைச் சொல்லக்கூடாது என்பது விதி. சந்தோஷத்தில் உளறிவிட்டேன்: உங்கள் ரத்தத்துக்கு எட்டு வயது குறைவு.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பொன்னம்மா தான் இல்லை, தன் அக்கா என்றார். ஐந்து வயதில் காய்ச்சலில் இறந்துபோனவள். அதன்பிறகு, தோட்டங்களில் பஞ்சம் வந்த வருடத்தில் பிறந்த இவருக்குப் புஷ்பம் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் எங்கேயும் பதியவில்லை. குடியுரிமைக்குக் காட்ட ஒரு பத்திரத்துக்காக எங்கள் தோட்டத்து ஆட்கள் நாயாய் அலைந்த காலம் அது. அக்காவின் பிறப்புப் பத்திரம் பெட்டியில் சும்மா கிடந்தது. பன்னிரண்டு வயதில் அந்தப் பத்திரத்தைக் காட்டி இவரைப் பெரிய ஆளாகச் செக்ரோலில் பேர் பதிந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்கு 'பொன்னம்மா' என்று ஒப்பம் போட மட்டும் யாரோ பழக்கினார்கள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு புஷ்பம் என்று கூப்பிட உலகத்தில் ஆளில்லை.

தோட்ட ஆபீசுக்குத் தெரிந்தால் கார்டு, வேலை எல்லாம் சிக்கலாகிவிடுமே என்று பயந்தார். ஆபீசுக்குப் போகவிடமாட்டேன் என்று கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். கிளம்பும்போது, தான் பிறந்ததை எங்கள் புத்தகத்திலாவது எழுதமுடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"நாப்பது வருஷமா யாருக்கும் சொல்லல மிஸ். ரத்தத்துக்காவது என்னையத் தெரிஞ்சிருக்கே."

புள்ளி நகர்ந்தது

இரண்டு நாள் மேடத்தின் கண்ணில் படாமல் திரிந்தேன். அவருடைய பெரிய விஷயத்தை நானே போட்டுடைக்க வேண்டும். மூன்றாம் நாள், வெளியே போகக்கூடாது என்ற உறுதி வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். மேடம் பஞ்சம் வந்த வருடத்தைக் கணக்குப் பார்த்து, ஐம்பத்தொன்பதை அழித்து ஐம்பத்தொன்று என்று அடித்தார். தனியாக நின்ற புள்ளி நகர்ந்துபோய்க் கோட்டின் மேல் உட்கார்ந்தது. கொழும்புக் கூட்டத்துக்கான பக்கத்தை நீக்கினார். படிவத்தில் 'ஆளே சொன்ன வயது' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். பிறகு ஒரு வெற்றுச் சம்மதத் தாளை எடுத்து என்னிடம் தந்தார், சொந்தப் பெயரில் ஒப்பம் வாங்கிவர.

"மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு. நாங்கள்தான் ஆளைக் கேக்காமல் கார்டைக் கேட்டனாங்கள்."

சொந்த ஒப்பம்

தாளைப் பார்த்ததும் அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். இது எங்கள் அலுமாரியை விட்டு வெளியே வராது, ஆபீசில் எதையும் மாற்றாது, அடுத்த வருடம் பேர் வெட்டுவதை என்னால் நிறுத்தமுடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "அக்கா ரிட்டயர் ஆகட்டும் மிஸ். எனக்கு அறுபது ஆகுற வரைக்கும் எட்டு வருஷம் லீவு" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு துண்டுத் தாளில் நான் எழுதிக் காட்ட, பார்த்துப் பார்த்து எழுதினார். 'ஷ்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. சுழியைத் திருப்பி, புள்ளி வைத்து, 'பம்' வரை கொண்டுவந்து சேர்த்தார். கொழுந்துக் கறை படிந்த விரலால் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"மொதத் தடவையா எழுதுறேன் மிஸ். கோணலா இருக்கா?"

மூப்பின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கக் கிளம்பிய எங்கள் கூட்டம் இதுவரை உறுதியாகக் கண்டுபிடித்திருப்பது, புஷ்பம் என்று ஒருவர் பிறந்திருக்கிறார் என்பதை மட்டும்தான்.